தபாலில் கடை விரித்தவர்கள்

(நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தினமும் நம் வாசலில் வந்து குவியும் பார்சல்களைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். அதற்கு முன், இந்தத் தொழிலில் தொடங்கி மேலே வந்த ஒரு தமிழரைப் பற்றிச் சொல்கிறேன். 'சந்திரலேகா' எடுத்த ஜெமினி எஸ்.எஸ்.வாசனை எல்லோருக்கும் தெரியும். சினிமாவுக்கும் பத்திரிகைக்கும் முன்பு, சென்னையில் அவர் தபால் மூலம் பொருள் விற்றவர், விளம்பர ஏஜென்சி நடத்தியவர் என்பது பலருக்குத் தெரியாது.

சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தாயார் பட்டணத்துக்கு அழைத்துவந்து வளர்த்தார். கையில் பெரிய முதல் இல்லாதவருக்குத் தபால் வியாபாரம் தோதானது. கடைத்தெருவில் வாடகை கொடுக்க வேண்டாம். பத்திரிகையில் நாலு வரி விளம்பரமும் ஒரு முகவரியும் போதும்.

ஆனால் முகம் தெரியாதவரை நம்பி யார் பணம் அனுப்புவார்கள்? அதற்கு வழி செய்தது தபால் இலாகா. 1877-இல் நம் நாட்டில் வி.பி.பி. முறை வந்தது. தபால்காரர் பார்சலைக் கொண்டுவருவார். நீங்கள் பணம் கொடுப்பீர்கள். அது மணியார்டராக விற்றவருக்குப் போய்ச் சேரும். வங்கியில் நாங்கள் பார்த்த 'பில் கலெக்‌ஷன்' வேலையும் இதேதான். கட்சிக்காரர் பணம் கட்டினால்தான் லாரி ரசீதைக் கையில் கொடுப்போம். இருவருக்கும் பொதுவாக நடுவில் ஒருவர்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. பணம் கட்டிய பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும். உள்ளே செங்கல் இருந்தாலும் நடுவில் நிற்பவர் பொறுப்பில்லை.

அந்த ஓட்டையை அடைத்தவர் அமெரிக்காவின் ஆரோன் மான்ட்கோமரி வார்டு. ஊர் ஊராகச் சரக்கு விற்றுத் திரிந்தவர். கிராமத்து விவசாயிகள் உள்ளூர்க் கடையில் அதிக விலை கொடுப்பதை நேரில் பார்த்தவர். 1872-இல் சிகாகோவில், 163 பொருள்கள் கொண்ட ஒற்றைத்தாள் விலைப்பட்டியலுடன் தொடங்கினார். 1875-இல், 'பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்' என்று அறிவித்தார். பார்க்காமல் வாங்குபவருக்கு அதுதான் தைரியம் கொடுத்தது.

வாசனுக்கு வருவோம். 1928-இல், நொடித்துப்போயிருந்த 'ஆனந்த விகட'னை பூதூர் வைத்தியநாதய்யரிடமிருந்து 200 ரூபாய்க்கு வாங்கினார். தலைப்பில் எட்டு எழுத்து. எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்குச் சொல்வார்கள். தபால் வியாபாரியாக அவர் பழகியது, எங்கோ இருக்கும் வாசகன் விளம்பரத்தை நம்பி எழுதும் கடிதத்தோடு. அப்படிப்பட்டவன் ஒருமுறை ஏமாந்தால் மறுமுறை எழுத மாட்டான். பத்திரிகைக்கும் அதே கணக்குத்தான்: இந்த வாரம் காசு கொடுத்தவன் அடுத்த வாரமும் கொடுக்க வேண்டும். வாசன் 1969-இல் காலமானார். விகடன் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

இப்போது நம் வாசல். 2010-இல் ஃபிளிப்கார்ட் கொண்டுவந்த 'கேஷ் ஆன் டெலிவரி' பழைய வி.பி.பி.யேதான். பழைய ஓட்டையும் கூடவே வந்திருக்கிறது. யாரும் கேட்காத பார்சலைக் கொண்டுவந்து, வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரம் பார்த்துப் பணம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று: ஆர்டர் செய்தவரைப் போனில் கேட்காமல், வீட்டுப் பெரியவர்களோ வாட்ச்மேனோ பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டு: ஓ.டி.பி.யைப் பொருள் கைக்கு வந்த பிறகே சொல்லுங்கள். விலை உயர்ந்த பொருளானால், பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

மூன்று: பொருள் தவறாக வந்தால் 'போனது போகட்டும்' என்று விடாதீர்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. பண மோசடி என்றால் உடனே 1930.

இந்த இரண்டு எண்களையும் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். போன் பண்ணத் தயங்கும் பெரியவர்கள் என்னிடம் வாருங்கள். புகார் எழுதித் தருகிறேன்.