ஒரு பைசாவுக்கு வண்டி கட்டிய தலைமுறை

(உழவர் தலைவர் சி. நாராயணசாமி நாயுடு நினைவு நாளையொட்டி மடத்துக்குளத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1984 டிசம்பர் 21. தேர்தல் பிரச்சாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில், நாராயணசாமி நாயுடு காலமானார். வயசு 59. கோவைக்குப் பக்கத்தில் வையம்பாளையத்தில் 1925-ல் பிறந்த ஒரு தோட்டக்காரர். தோளில் பச்சைத் துண்டு. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் விவசாயி பக்கம் நின்று கேள்வி கேட்டவர்.

இளைஞர்கள் கேட்கலாம், அவர் என்னதான் செய்தார் என்று. 1970-ல் விவசாய மின்சாரம் யூனிட் 8 பைசாவிலிருந்து 10 பைசாவுக்கு ஏறியது. இன்னைக்குக் கேட்டால் ரெண்டு பைசாதானே என்று தோணும். ஆனால் நம்ம கொங்கு மண்ணில் கிணத்துத் தண்ணி வருஷா வருஷம் கீழே போகும். கிணத்தை ஆழப்படுத்தணும், பெரிய மோட்டார் மாட்டணும், அதிக நேரம் ஓட்டணும். பில் ஏறும். பில் கட்டக் கடன், கடன் கட்ட நகை அடகு. அந்த நகை யாருதுங்க? வீட்டம்மாவுடையது. ஆக அந்த ரெண்டு பைசா நேரா அடுப்பங்கரைக்குள்ளேயே வந்துவிட்டது. நாயுடு இதைப் புரிந்துகொண்டவர். வீட்டுக் கணக்கை ஊர்க் கணக்காக்கி, ஊர்க் கணக்கைக் கோட்டையின் வாசல் வரைக்கும் கொண்டுபோனார்.

நம்ம மாவட்டத்துக்கு இதில் ஒரு கடன் இருக்கிறது. 1970 ஜூன் 19, திருப்பூருக்குப் பக்கத்தில் பெருமாநல்லூர். போராடிய விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு. ஆயிக்கவுண்டர், மாரப்ப கவுண்டர், ராமசாமி கவுண்டர், மூன்று பேர் உயிரை விட்டார்கள். அதன் பிறகு குறைந்தது ஒரு பைசா. அந்த ஒரு பைசாவுக்கு மூணு குடும்பம் கொடுத்த விலையை எந்த ரசீதிலும் எழுத முடியாதுங்க.

1972-ல் கட்டணம் 9 பைசாவிலிருந்து 12 ஆனது. இந்தத் தடவை நகரத்துக்குப் பாலும் காய்கறியும் போகவில்லை. கோவை வீதிகளில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் நின்றன. அந்த வருஷம் ஜூலை 5-ல் சேலம் மாவட்டம் பெத்தநாயக்கன்பாளையத்திலும் துப்பாக்கி வெடித்தது. அந்த நாளைத்தான் இன்றும் உழவர் தினமாகக் கடைப்பிடிக்கிறோம்.

குடும்பஸ்தன் போராட்டத்துக்கு வரமாட்டான் என்பார்கள். அந்த வண்டிகளில் இருந்தவர்கள் எல்லாம் குடும்பஸ்தர்கள்தான். அவர்கள் வண்டி கட்டிப் போனபோது கட்டுத்தறியில் மாட்டுக்குத் தண்ணி காட்டியது யார்? விற்காத பாலை வைத்துக்கொண்டு கையில் காசில்லாமல் வீட்டை ஓட்டியது யார்? மேடையில் பேர் சொல்லாத அந்தப் பெண்களுக்கும் இன்றைக்கு நாம் வணக்கம் சொல்ல வேண்டும்.

1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது. அதைப் பார்க்க நாயுடு இல்லை. இன்றைக்கு நம்ம தோட்டத்தில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது, பில் வருவதில்லை. அதை யாரோ தூக்கிக் கொடுத்த தானம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தம்பிகளே, அது தானமில்லை, நம்ம அப்பாருகள் உயிரைக் கொடுத்து வாங்கிய உரிமை. உரிமை எப்படி வந்தது என்பது மறந்துபோனால், அதை எடுக்கும்போது கேட்க ஆள் இருக்காது.

வேலையும் பாக்கி இருக்கிறது. இலவச இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக் கணக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு. கிருஷ்ணாபுரத்தில் நம்ம அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலையைப் புதுப்பிக்கச் சொல்லிக் கரும்பு விவசாயிகள் எத்தனையோ மனு கொடுத்தாயிற்று. மனுவோடு நிற்காமல் ஊரே சேர்ந்து கேட்பது எப்படி என்று காட்டியவர்தான் நாயுடு.

கடைசியாக ஒரு வேண்டுகோளுங்க. 1972-ல் இருபது வயசில் வண்டியில் ஏறியவருக்கு இன்றைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கணியூரிலும் குமரலிங்கத்திலும் கொழுமத்திலும் இந்தப் போராட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்ம வீட்டுத் திண்ணைகளில் இருக்கலாம். ஞாயித்துக்கிழமை லீவுல ஒரு மணி நேரம் அப்பாருகிட்ட, அப்பத்தாகிட்ட உட்காருங்க. "நீங்க போனீங்களா? வீட்டுல யார் பார்த்துக்கிட்டாங்க?" என்று கேளுங்க. செல்போனில் பதிவு பண்ணுங்க, பேரை எழுதி வையுங்க. நாயுடு பேர் வரலாற்றில் இருக்கிறது. அவர் பின்னால் போனவர்கள் பேர் நம்ம வீட்டில்தான் இருக்கிறது. அதைக் காப்பாத்த வேண்டியது நாமதானுங்க.

உழவர் தலைவருக்கும் பெருமாநல்லூர் தியாகிகளுக்கும் நம் வீரவணக்கம்.