சிவப்பு விளக்கும் துவிச்சக்கர வண்டியும்

இரவு பத்து மணி. நாற்சந்தி வெறிச்சோடிக் கிடக்கின்றது. வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி ஒருவர் துவிச்சக்கர வண்டியில் வருகின்றார். எதிரே சிவப்பு விளக்கு எரிகின்றது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வாகனமும் இல்லை. அவர் நிற்க வேண்டுமா, போகலாமா? சிறியதொரு வினாவே இது. ஆயினும், சட்டம் யாருக்காக இருக்கின்றது என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருக்கின்றது.

போகலாம் என்பாரின் கட்சியை முதலிற் கேட்பது நியாயமாகும். மோட்டார் வண்டியும் துவிச்சக்கர வண்டியும் ஒன்றல்ல என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை உண்டு. ஆளும் வண்டியுமாக 80 கிலோ எடையுள்ள துவிச்சக்கர வண்டி மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். 1,200 கிலோ எடையுள்ள மோட்டார் வண்டி மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். கணக்கிட்டுப் பார்த்தால், மோட்டார் வண்டியின் இயக்கச் சக்தி மற்றையதைப்போல் அறுபது மடங்காகும். மேலும், துவிச்சக்கர வண்டியிற் செல்பவருக்குக் கண்ணை மறைக்கும் கூரையில்லை. காதை அடைக்கும் கண்ணாடியில்லை. நின்ற வண்டியை மீண்டும் ஓட்டுவதற்கு அவர் கால்வலுவே செலவாகின்றது.

வேறொரு காரணமும் உண்டு. பச்சை விளக்கு எரிந்தவுடன் எல்லா வாகனங்களும் ஒருங்கே புறப்படுகின்றன. அவ்வேளை லொறியொன்று இடப்புறம் திரும்புமாயின், அதன் பக்கத்தில் நிற்கும் துவிச்சக்கர வண்டி சாரதியின் கண்ணுக்குப் புலப்படாது போகலாம். ஆகையால், சிறிது முந்திச் செல்வதே உயிருக்குப் பாதுகாப்பு என்பர். சில நாடுகளில் வீதியின் அடியிற் புதைக்கப்பட்ட கம்பிச் சுருள் வாகனத்தின் உலோகத்தை உணர்ந்தே விளக்கை மாற்றுகின்றது. துவிச்சக்கர வண்டியை அச்சுருள் உணராதுவிட்டால், செல்பவர் நெடுநேரம் காத்துநிற்க நேரிடும்.

இவ்வாதங்களைச் சில அரசாங்கங்கள் ஏற்றும் இருக்கின்றன. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் இதற்கெனச் சட்டமியற்றியிருக்கின்றது. அதன்படி, துவிச்சக்கர வண்டியில் வருபவர் சிவப்பு விளக்கில் முற்றாக நின்று, உரிமையுடையோருக்கு வழிவிட்டு, பின்னர் நேரே செல்லலாம். பாரிஸ் நகரில் 2012ஆம் ஆண்டில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய ஏற்பாடு 2015ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்டது. அங்கே தெரிந்தெடுத்த சந்திகளில், விளக்கின் கீழே முக்கோணப் பலகை ஒன்று காணப்படும். அதில் மஞ்சள் நிறத் துவிச்சக்கர வண்டியும் அம்புக்குறியும் வரையப்பட்டிருக்கும். அக்குறி காட்டும் திசையில், பாதசாரிகளுக்கு வழிவிட்டுச் செல்லலாம். நெதர்லாந்திலும் இத்தகைய அனுமதி சில சந்திகளில் உண்டு.

இவற்றை எடுத்துக்காட்டி, "ஆகவே எங்கும் போகலாம்" என முடிவுகட்டுவோர் ஒரு பேதத்தை மறந்துவிடுகின்றனர். ஐடஹோவிலும் பாரிசிலும் விலக்களித்தது சட்டமே. வண்டியிற் செல்பவர் தமக்குத் தாமே அளித்துக்கொண்டதன்று. அவ்விலக்கு முன்னரே அறிவிக்கப்பட்டது. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதையும் அதுவே கூறுகின்றது. தன்னிச்சையாகச் சிவப்பைக் கடப்பவரோ வழக்காளியும் தாமே, நீதிபதியும் தாமே, பயன்பெறுபவரும் தாமே என்றாகின்றார்.

சமிக்ஞை விளக்கு என்பது ஒருவருக்கு இடும் தடை மட்டுமன்று. மற்றொருவருக்குக் கொடுத்த வாக்குமாகும். ஒரு திசையிற் சிவப்பு எரியும்போது, மறு திசையில் நிற்பவரிடம், "அஞ்சாமற் கடந்து செல்க" என்று அரசு கூறுகின்றது. அவ்வாக்கை நம்பிக் காலெடுத்து வைப்பவர் யார்? கோலூன்றிய முதியவர், கைக்குழந்தையுடன் வரும் தாய், பார்வையிழந்து ஒலியையே துணையாகக் கொண்டவர். மோட்டார் வண்டியின் வருகையை அவர் செவியால் அறியக்கூடும். துவிச்சக்கர வண்டியோ ஓசையின்றி வரும். எடை குறைந்ததாயினும், ஒரு முதியவரின் இடுப்பெலும்பை முறிப்பதற்கு அதன் வேகம் போதும்.

சமிக்ஞை விளக்கு மோட்டார் வண்டிக்காகவே பிறந்தது என்று கூறுவதும் முற்றும் பொருந்தாது. 1868ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டன் பாராளுமன்றத்தின் அருகே வாயு விளக்குடன் கூடிய சமிக்ஞைத் தூண் நிறுவப்பட்டபோது, அவ்வீதியில் ஓடியவை குதிரை வண்டிகளே. நடப்போர் பத்திரமாகக் கடக்கவே அது எழுந்தது. அடுத்த மாதமே வாயு வெடித்து, அதனை இயக்கிய காவலர் காயமுற்றார். தூண் நிலைக்கவில்லையெனினும் நோக்கம் நிலைத்தது.

எனினும், கீழ்ப்படிக என்று மட்டும் கூறி அமைவது நீதியாகாது. கீழ்ப்படிதலைக் கேட்கும் சட்டம் கீழ்ப்படிவோரைக் காக்கவும் வேண்டும். கோப்பன்ஹேகன் நகரின் சில வீதிகளில், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் துவிச்சக்கர வண்டிகளுக்கு அடுத்தடுத்துப் பச்சை கிடைக்கும்படி விளக்குகள் ஒழுங்குசெய்யப்பட்டுள்ளன. வேறு நகரங்களில், மோட்டார் வண்டிகளுக்கு முன்னே துவிச்சக்கர வண்டிகள் நிற்பதற்குத் தனியிடம் வரையப்பட்டுள்ளது. அத்தகைய இடத்தில் நிற்பவர் லொறிச் சாரதியின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவார். சட்டத்தை மீறாமலே உயிர் காக்கும் வழி இது.

இலங்கையில் 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது, பலர் துவிச்சக்கர வண்டியை மீண்டும் நாடினர். யாழ்ப்பாணத்து வீதிகளிலோ பாடசாலைப் பிள்ளைகள் நெடுங்காலமாகவே அணியணியாக அதிற் சென்று வந்துள்ளனர். பத்து வயதுப் பிள்ளைக்கு விதிவிலக்குகளின் நுட்பம் விளங்காது. முன்னே செல்லும் பெரியவர் செய்வதே அதற்குப் பாடம். பெரியவர் இருபுறமும் பார்த்துக் கடக்கின்றார். பிள்ளையோ அவர் முதுகை மட்டும் பார்த்துக் கடக்கின்றது.

இனி, நாற்சந்தியில் நிற்கும் தொழிலாளியிடம் வருவோம். அவர் நிற்பதே முறை. விளக்கு மாறாதிருப்பின், வண்டியை விட்டிறங்கி, அதனை உருட்டிக்கொண்டு, பாதசாரிகளுக்குரிய பச்சை ஒளியிற் கடவையாற் செல்லலாம். அச்சந்தியில் விலக்கு வேண்டுமென அவர் கருதினால், அதை உரிய அதிகாரிகளிடம் கேட்பதற்கு அவருக்கு முழு உரிமையுண்டு; ஆராய்ந்து மறுமொழி கூறுவது அவர்கள் கடமை. விலக்குக் கிடைக்குமட்டும் அவர் இழப்பது ஒரு நிமிடமே. அந்த ஒரு நிமிடத்தினால், இருளில் மறுபுறம் நின்று கடக்க எண்ணும், அவர் கண்ணிற் படாத ஒருவரின் நம்பிக்கை காப்பாற்றப்படுகின்றது.