ஊரே திரும்பி வந்த ஊர்

தலைப்பு: படித்த ஊருக்குக் குடும்பத்தோடு திரும்பிப் போவது பயனுள்ளதா? வீண் அலைச்சலா?
‘பயனுள்ளதே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவர்

   

எதிரணிச் சகோதரி பேசும்போது ஒரு கேள்வி கேட்டார். “போன ஊருக்கே மறுபடி போய் என்னத்தப் பார்க்கப் போறீங்க? அந்த மரம் இருக்காது, அந்த டீக்கடை இருக்காது, பெருமூச்சுதான் மிஞ்சும்”னு சொன்னார். நான் படிச்ச ஊர் திருத்தணி. அம்மா, அந்த ஊரைப் பத்தி உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது எங்கள் திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. போன்ற பெரியவர்கள் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி மறுபடி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊரே திரும்பி வந்திருக்கு! அதில் படிச்ச நான் ஒரு தடவை திரும்பிப் போகக் கூடாதா? (கைதட்டல்)

போன வருஷம் சென்னையிலிருந்து திருப்பதிக்குக் காரில் கிளம்பினோம். நான், என் மனைவி, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகன், ஒன்பதாவது படிக்கிற மகள். அந்தச் சமயத்தில் எனக்கும் என் மகனுக்கும் இருபது நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. பரீட்சையில் இரண்டு பேப்பர் போய்விட்டது. நான் கத்தின கத்தில் பக்கத்து வீட்டுப் பையன் எழுந்து உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சுட்டான். (சிரிப்பு) அன்றிலிருந்து, “அப்பாகிட்ட பணம் கேளும்மா” என்பான் அவன். “உன் புள்ளைகிட்ட குடுத்துடு” என்பேன் நான். நடுவில் என் மனைவி தபால் இலாகா! (சிரிப்பு)

திருவள்ளூர் தாண்டி, தூரத்தில் மலை தெரிந்தது. “வண்டியை ஊருக்குள்ள விடப் போறேன்” என்றேன். “ஏங்க, அங்க பெருமாள் காத்துக்கிட்டிருக்கார்” என்றாள். “மருமகனைப் பார்த்துட்டு வந்தோம்னா மாமா கோவிச்சுக்க மாட்டார்” என்றேன். (சிரிப்பு, கைதட்டல்)

போனோம். எதிரணி சொன்னது அத்தனையும் உண்மை, ஒத்துக்கிறேன். நான் மூன்று வருஷம் சாப்பிட்ட மெஸ் செல்போன் கடையாகிவிட்டது. தங்கின அறை இருந்த இடத்தில் மூணு மாடி நிக்குது. “இங்கதாண்டி நான் இட்லி சாப்பிடுவேன்”னு காட்டினா, என் மகள் அந்தக் கடையில் செல்போனுக்கு உறை வாங்கப் போயிட்டா! (சிரிப்பு)

சரி, அவளிடம் ஊர்ப் பெருமையையாவது சொல்லலாமென்று டாக்டர் ராதாகிருஷ்ணனைப் பற்றிச் சொன்னேன். 1888 செப்டம்பர் 5இல் திருத்தணியில் பிறந்தவர். அந்தத் தேதியில்தான் நாம் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம். உலகமே போற்றிய தத்துவ மேதை. அவர் ஏன் தத்துவம் படித்தார்? உறவுக்காரர் ஒருவர் படித்து முடித்துவிட்டு, பழைய தத்துவப் புத்தகங்களைச் சும்மா கொடுத்தார். குடும்பத்தில் வசதி குறைவு. கிடைத்த புத்தகத்தையே பாடமாக எடுத்துக்கொண்டார். “குடியரசுத் தலைவரே ஓசிப் புத்தகத்துல படிச்சாராப்பா?” என்று கேட்டாள். பின்னால் வந்த என் மகன், இருபது நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். அவன் சிரித்ததை நான் பார்க்காத மாதிரி நடந்தேன். வீம்பு!

மலைக்குக் கார் போக நல்ல சாலை இருக்கிறது. ஆனால் நான் படியில்தான் போகணும்னு பிடிவாதம் பிடித்தேன். 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31ஆம் தேதி படித்திருவிழா அன்று ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து பாடிக்கொண்டே ஏறுவார்கள். அன்று எங்கள் நாலு பேருக்கும் பாட்டு வரவில்லை, மூச்சுதான் வாங்கியது. (சிரிப்பு)

பாதி வழியில் ஒரு படி வந்தது. என் கால் அங்கே நின்றுவிட்டது. ஐயா, அந்தப் படியை எனக்குத் தெரியும். 1985இல் ஒரு சாயங்காலம் அந்தப் படியில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் ரிசல்ட் வந்தது. மூணு பேப்பர் போச்சு. ஊருக்குப் போகப் பயம். இருட்டுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

எங்கப்பா பொதட்டூர்ப்பேட்டையில் தறி நெய்கிறவர். பையன் வரலையேன்னு பஸ் பிடித்து வந்து, அறையில் கேட்டு, படிப்படியாகத் தேடி ஏறி வந்துவிட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அடி விழும் என்று தலையைக் குனிந்தேன். அவர் சொன்னது ஒரே வார்த்தை: “இழை அறுந்துச்சுன்னா தறியையா கொளுத்துவோம்? முடிச்சுப் போட்டு மேல நெய்யணும்டா.” (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்தக் கதை என் வீட்டில் யாருக்கும் தெரியாது! “உங்கப்பன் வாழ்க்கையில் ஒரு பேப்பர்கூடத் தவறவிட்டதில்லை”ன்னுதான் இத்தனை வருஷமும் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்து சொன்னேன். என் மனைவி, “பொண்ணு பார்க்க வந்தப்போ உங்க வீட்டுல இதைச் சொல்லலையே!” என்றாள். (சிரிப்பு) மகன் மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். “எத்தனைப்பா?” என்றான். “மூணு” என்றேன். “எனக்கு ரெண்டுதான்” என்றான்! (பலத்த சிரிப்பு)

ஐயா, திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது. மற்ற முருகன் கோயில்களில் கந்தசஷ்டிக்கு சூரனை வதம் செய்வார்கள். இங்கே பூவால் அர்ச்சனை செய்வார்கள். முருகன் சினம் தணிந்த இடம், அதனால்தான் தணிகை. மூன்று வருஷம் அந்த மலையடிவாரத்தில் படித்தேன், இந்தப் பாடம் எனக்குப் புரியவில்லை. எங்கப்பாவுக்குப் புரிந்திருந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் என்னிடம் நடந்துகொண்ட மாதிரி நான் என் பிள்ளையிடம் நடக்கவில்லையே என்பதை அந்தப் படி சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எதிரணி நண்பர்களே, தனியாகப் போனால் பெருமூச்சு மிஞ்சும், நிஜம்தான். பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். நாம் பார்க்க வேண்டியது அந்த ஊரை அல்ல. நம் பிள்ளைகள் பார்க்க வேண்டியது, அவர்கள் வயதில் நாம் நின்ற இடத்தை. ஜெயித்த இடத்தை மட்டும் காட்டாதீர்கள், அழுத இடத்தையும் காட்டுங்கள்!

என் மகன் ஒரு பேப்பரை எழுதி முடித்துவிட்டான். இன்னொன்று பாக்கி இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுத் தபால் இலாகாவை அன்றைக்கே மூடியாச்சு! (சிரிப்பு, கைதட்டல்)

ஆகவே படித்த ஊருக்குக் குடும்பத்தோடு திரும்பிப் போவது பயனுள்ளதே, பயனுள்ளதே என்று கூறி அமர்கிறேன்.