இருபத்தோராவது ஆண்டில் வந்த கோப்பை



கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராக இருப்பதில் ஒரு தீராத தொல்லை உண்டு. பாடுபட்டு ஓர் அணியைத் தேற்றி நிமிர்த்தினால், நாலு வருடத்தில் படிப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். மறுபடி பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தேட வேண்டும். இந்த வேலையை ஒரே கல்லூரியில் 43 பருவங்கள் பார்த்தவர் ரஸ் ரோஸ். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பெண்கள் வாலிபால் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்.

அவர் சேர்ந்தது 1979-இல். கல்லூரிகளில் பெண்களுக்கும் விளையாட்டில் சமவாய்ப்பு தர வேண்டும் என்ற சட்டம் வந்து ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நாளில் வாலிபால் என்றால் கலிபோர்னியா, ஹவாய் என்று மேற்குப் பக்கத்து அணிகள்தான். கிழக்கே இருக்கும் ஒரு கல்லூரியை யார் பொருட்படுத்துவார்கள்? ரோஸின் அணி ஜெயித்துக்கொண்டேதான் இருந்தது. தேசியக் கோப்பை மட்டும் வாய்க்கவில்லை. 1993-இல் இறுதியாட்டத்தில் தோல்வி. 1997-இல் தோல்வி. 1998-இலும் தோல்வி. முதல் கோப்பை 1999-இல் வந்தது, அவருடைய இருபத்தோராவது பருவத்தில். அதுவரை ஆளை மாற்றாமல் இருந்தார்களே, அந்த நிர்வாகத்துக்கும் கோப்பையில் பங்கு உண்டு என்பேன்.

ஆட்டம் நடக்கும்போது கோட்டோரம் நின்று கத்துகிற ஆள் இல்லை அவர். உட்கார்ந்து கையாலேயே கணக்கு எழுதுவார்: சர்வீஸை யார் சரியாக எடுத்தார், யார் அடித்த பந்து புள்ளியானது என்று. முதல் கோப்பைக்கு அப்புறம் வந்தவை, 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகள். 2008-இல் 38 ஆட்டங்களிலும் வெற்றி; அந்தப் பருவம் முழுக்க இழந்தது இரண்டே இரண்டு செட். அந்த இரண்டும் அரையிறுதியில் நெப்ராஸ்காவிடம் போனவை. 2009 இறுதியாட்டத்தில் டெக்சாஸ் முதல் இரண்டு செட்டையும் பிடுங்கிக்கொள்ள, பென் ஸ்டேட் மீதி மூன்றையும் எடுத்தது. ஸ்டான்ஃபோர்டிடம் 2007 செப்டம்பரில் தோற்ற அணி, மறுபடி தோற்றது 2010 செப்டம்பரில், அதே ஸ்டான்ஃபோர்டிடம். நடுவில் தொடர்ச்சியாக 109 வெற்றிகள். நாலு வருடத்துக்கொரு முறை ஆட்களே மாறிப்போகும் கல்லூரி ஆட்டத்தில் இது நம்பச் சிரமமான கணக்கு. 2013, 2014 கோப்பைகளையும் சேர்த்தால் மொத்தம் ஏழு. 1,330 வெற்றிகளோடு 2021-இல் ஓய்வு பெற்றார்.

இப்படி ஒருவர் உட்கார்ந்த நாற்காலியில் அடுத்து யார் உட்கார்வது? வந்தவர் கேட்டி ஷூமாக்கர்-காலி. அந்த 1999 அணியில் ஆடியவர்; வேறு இரண்டு பல்கலைக்கழகங்களில் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, ரோஸுக்கே உதவியாளராகத் திரும்பியவர். 2024 பருவம் நடந்துகொண்டிருக்கும்போது கேட்டிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோதெரபி எடுத்துக்கொண்டே அணியை நடத்தினார். முடி உதிர்ந்த தலையோடு கோட்டோரம் நின்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. டிசம்பரில் அரையிறுதி, எதிரே நெப்ராஸ்கா. முதல் இரண்டு செட்டும் போய்விட்டன. அங்கிருந்து மூன்று செட்டை எடுத்து, இறுதியாட்டத்தில் லூயிவில் அணியை அதன் சொந்த ஊரிலேயே மூன்றுக்கு ஒன்று என்று வென்றார்கள்.

இந்தக் கல்லூரிப் போட்டி 1981-இல் தொடங்கியது. ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஆனால் தலைமைப் பயிற்சியாளராக ஒரு பெண் கோப்பையைத் தூக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரோஸின் பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு லூயிவில் ஜெயித்திருந்தாலும் அந்தச் சரித்திரம் எழுதப்பட்டிருக்கும். அவர்களுடைய பயிற்சியாளர் டானி பஸ்பூம் கெல்லியும் பெண்தான். அடுத்த சில வாரங்களிலேயே நெப்ராஸ்கா அவரைத் தன் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது.