மழை பெய்தால் ஏன் நுரை கூடுகிறது?

மழைக்காலத்தில் ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையின் ஷட்டரைத் திறந்தால் தென்பெண்ணையில் தண்ணீரோடு நுரையும் பொங்கிக்கொண்டு வரும். 2024 அக்டோபரில் அந்த நுரை தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தையே நிறுத்தியது. அப்படியொரு நாளில் கரையில் நின்று பாருங்கள். வண்டியில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, காற்றில் பறந்து வரும் நுரையைப் பிடிக்கக் கை நீட்டும். “தொடாதே, அரிக்கும்!” என்று அம்மா கையைத் தட்டிவிடுவார். உடனே பிள்ளை கேட்கும்: “இவ்வளவு நுரை எங்கேயிருந்தும்மா வருது?”

மனிதனை அறிவின் பக்கம் தள்ளுவது பயமா, ஆவலா என்ற பழைய கேள்வியை இந்த நுரையை வைத்தே யோசிக்கலாம் என்று தோன்றுகிறது.

பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கால்வாய்த் தண்ணீரை நம்பித் தக்காளியும் கோஸும் கொத்தமல்லியும் போட்டிருக்கிற விவசாயி பயந்து குரல் கொடுப்பதால்தான் பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். ஆனால் பயம் கேட்பது ஒரே கேள்வி: ஆபத்து உண்டா, இல்லையா? நுரை வடிந்ததும் அந்தக் கேள்வியும் வடிந்துவிடும். அடுத்த மழைக்கு மறுபடி அதே கேள்வி, புதிதாகக் கேட்பதுபோல.

ஆவல் உள்ளவர் வேறொன்றைக் கவனிப்பார். மழை பெய்தால் ஆற்றில் நீர் கூடும், அழுக்கு நீர்த்துப்போகும், நுரை குறையவேண்டும். இங்கே மழை பெய்தால்தான் நுரை கூடுகிறது. ஏன்?

நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் இந்த ஆற்றில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வெளியேறும் நீரும் கலக்கிறது. ஊர்க் கழிவுநீரைத் தாங்கும் ஏரிகள் அவை. 2015-இல் பெல்லந்தூரின் நுரையே தீப்பிடித்தது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அந்த ஏரி நீரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து எடுத்துச் சோதித்தார்கள். சலவைத்தூளில் நுரையைக் கிளப்பும் பொருளில் ஒரு பகுதி, சேற்றோடு ஒட்டி அடியில் தங்கிவிடுகிறது. பிராணவாயு இல்லாத சேற்றில் அது லேசில் மட்காது. பெருமழை வந்து ஏரியைக் கலக்கும்போது, மாதக்கணக்கில் சேர்ந்தது மொத்தமாக மேலே கிளம்பும். வெளியேறும் இடத்தில் தண்ணீர் உயரத்திலிருந்து விழ, காற்று புகுந்து நுரைக்கும்.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. நுரை வரும் நாளில் மட்டும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினால் போதாது. கோடையில், ஆறு அமைதியாகக் கிடக்கும்போது, சேற்றைப் பார்க்கவேண்டும். அந்த மாதங்களில் பயம் யாரையும் ஆற்றங்கரைக்கு அழைத்து வராது. கெலவரப்பள்ளி அணையின் அடியிலும் இதே கதைதானா என்பது, அப்படிப் போய்ப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

பயமே இல்லாமல், ஆவலால் மட்டும் இப்படிப் பார்த்தவர்களும் உண்டு. சோப்பு கலந்தால் நீரின் மேற்பரப்பு என்ன ஆகிறது என்பதை முதன்முதலில் நுட்பமாக அளந்தவர்களில் ஒருவர் ஆக்னஸ் போக்கெல்ஸ். ஜெர்மனியில் பிரௌன்ஷ்வைக் நகரத்துப் பெண். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். உடல்நலம் குன்றிய பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் படும்போது அதன் மேற்பரப்பு மாறுவது அவர் கண்ணில் பட்டது. ஒரு தகரத் தொட்டி, அதன்மேல் நகர்த்துவதற்கு ஒரு தகரப் பட்டை, சின்னத் தராசு. நீர்ப்பரப்பில் ஒட்டியிருக்கும் சிறு வில்லையைத் தூக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்துகொண்டே போனார். 1891-இல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ராலே அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்ப, அந்த ஆண்டே அச்சேறியது. போக்கெல்ஸின் தொட்டியை மேம்படுத்தி ஆய்வைத் தொடர்ந்த இர்விங் லாங்மியூருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சமையலறையில் பயப்பட எதுவுமே இல்லை. இன்று கெலவரப்பள்ளி நுரையைப் பார்த்துப் பயந்து நாம் கேட்கும் கேள்விக்கான பதிலில் ஒரு பங்கு அங்கேதான் பிறந்தது. பயம் கதவைத் தட்டும்போது கொடுப்பதற்கு ஏதாவது இருக்கவேண்டும் என்றால், அதற்கு முன்பே யாரோ சும்மா ஆசைப்பட்டுப் பார்த்து வைத்திருக்கவேண்டும். மேற்கு ஜெர்மனியின் ஆறுகளும் 1950-களில் நுரைத்தன. பதறிப்போய்ச் சலவைத்தூளுக்கு 1961-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். கிளைத்த சங்கிலி அமைப்புள்ள மூலக்கூறைத் தின்னத் திணறும் பாக்டீரியா, நேரான சங்கிலியை எளிதில் தின்றுவிடும் என்ற அறிவு கைவசம் இருந்ததால்தான், சலவைத்தூளின் சரக்கையே மாற்ற முடிந்தது.

ஓசூர், பாகலூர் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை நீங்களே கையுறை போட்டுக்கொண்டு, கரையோரத்தில் ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பாதியளவு பிடியுங்கள். மூடியை இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குலுக்குங்கள். நுரை எத்தனை விரல் உயரம் எழுகிறது, அடங்க எவ்வளவு நேரமாகிறது, அந்த வாரம் மழை உண்டா, ஷட்டர் திறந்திருந்ததா என்று பிள்ளைகள் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். ஏப்ரல், மே மாதங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள், பள்ளி விடுமுறையாக இருந்தாலும்.