தவசிப் பூனையும் வாஷிங்டன் துரையும்

(மாமல்லபுரத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்த்துவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்தோம். அதிலுள்ள பூனையை நீங்கள் சிறுவயது முதல் பார்த்திருப்பீர்கள். முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது. அதை நம்பி எலிகள் பயமில்லாமல் சூழ்ந்து நிற்கின்றன. 1,300 ஆண்டுகளுக்கு முன் நம் சிற்பி உளியால் செய்த நையாண்டி அது. வெள்ளை மாளிகையைப் பற்றிப் பேச அதைவிட நல்ல படம் வேண்டியதில்லை.

2025 ஏப்ரல் 2ஆம் தேதியை "விடுதலை நாள்" என்றார் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப். யாருக்கு விடுதலையோ என்று பார்த்தால், வந்தது வரிப்பட்டியல்! ஹேர்டு, மெக்டொனால்டு என்ற தீவுகளுக்கும் 10 சதவீதம் வரி. அங்கே மனிதர் ஒருவர்கூடக் குடியில்லை. பென்குவின் பறவைகள்தான் வாழ்கின்றன. (சிரிப்பு) அந்தப் பறவைகள் எந்த மில்லில் நூல் நூற்றுக் கப்பலேற்றின என்று துரைதான் சொல்லவேண்டும்.

பறவைக்கு அடுப்பு இல்லை, நமக்கு இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம், 27ஆம் தேதி மேலும் 25, ஆக 50 சதவீதம் வரி போட்டார். ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாம்! எண்ணெய் வாங்கியவை பெரிய கம்பெனிகள். அடி விழுந்ததோ திருப்பூர்த் தையல் தொழிலாளிக்கும், இறால் உரிக்கும் பெண்ணுக்கும். நம் இறாலை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. அங்கே சந்தை சுருங்கினால், இங்கே முதலில் சுருங்குவது கூலி.

அமெரிக்கத் தொழிலாளிக்காவது லாபமா? இல்லை. வரியைக் கட்டுகிறவர் அந்நாட்டு இறக்குமதி வியாபாரி. அவர் அதை விலையில் ஏற்றி, வாங்குகிறவர் தலையில் கட்டுகிறார்.

அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, செலவுக்கு அனுமதி கிடைக்காமல் 43 நாள் அமெரிக்க சர்க்கார் ஆபீசுகள் பல மூடிக்கிடந்தன. லட்சக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. அந்த நாட்களில்தான் வெள்ளை மாளிகையின் கிழக்குப் பகுதியை இடித்தார்கள். விருந்துக்கும் நடனத்துக்கும் மண்டபம் கட்டவாம்! செலவுக்குப் பெரிய கம்பெனிகள் நன்கொடை தருகின்றனவாம். முதலாளி சும்மா மொய் எழுதுவானா, தோழர்களே? (சிரிப்பு)

நம் டெல்லி சர்க்கார் என்ன செய்தது? 2019இல் ஹூஸ்டனிலும் 2020இல் அகமதாபாத்திலும் துரையோடு கைகோர்த்து மேடையேறினார் பிரதமர் மோடி. அந்தச் சிநேகம் வரியைத் தடுக்கவில்லை. மாறாக, 2025 ஆகஸ்ட் 19 முதல் ஆண்டு முடியும்வரை பஞ்சு இறக்குமதி மீதிருந்த 11 சதவீத வரியை டெல்லி எடுத்துவிட்டது. விலை விழுமே என்று பருத்தி விவசாயி கலங்கினான். முதலாளிக்கு வெளிநாட்டுப் பஞ்சு மலிந்தது. மில் தோழர்களே, உங்கள் கூலியில் ஒரு ரூபாய் கூடியதா? நவம்பர் 21ஆம் தேதி வந்ததோ நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்!

மில்லில் நிற்பவனையும் காட்டில் பஞ்செடுப்பவளையும் எதிரெதிரே நிறுத்துவதுதான் இதிலுள்ள சூது. அதற்கு நாம் இடங்கொடுக்கலாகாது. வரி ஏறும், இறங்கும். பறிபோன வேலைநாள் திரும்பாது. ஆகவே நாம் கேட்பது மூன்று: வேலையிழந்தவர்க்கு நிவாரணம், பருத்திக்குக் கட்டுப்படியான விலை, சட்டத் தொகுப்புகள் வாபஸ்.

பூனையைப் பார்த்துச் சிரிப்போம். ஆனால், அதை நம்பி நின்ற எலிகளையும் மறக்கவேண்டாம். கும்பிட்டு நிற்பது அவற்றோடு போகட்டும். நாம் கூடி நின்று கேட்போம்! (கைதட்டல்)