பொறுப்பை ஒப்படைக்கும் சொற்கள்
(சேர்வராயன் மலைமீது, ஏர்க்காட்டில் கூடிய இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் பேசுமாறு என்னைப் பணித்தபோது, சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு வரலாற்றை நான் கூறுவேன் எனப் பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அதைக் கூற என்னினும் தக்கார் இம்மேடையில் உளர். நான் பேச எடுத்துக் கொண்டது ஒரே ஒரு வாக்கியம். மாலை வகுப்புகளையும் நூலகத்தையும் இளைஞர் குழுவிடம் கொடுப்பதென்று செயற்குழு முடிவு செய்தது. வங்கிக்கு அனுப்புவதற்காக அத்தீர்மானத்தை ஆங்கிலத்தில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'கொடுப்பது' என்ற இடத்தில் எந்த ஆங்கில வினைச்சொல்லை இடுவது? இளைஞர்கள் எழுதித் தந்த படியில் 'அசைன்' என்றிருந்தது. மூத்தவர் ஒருவர் அதை அடித்து 'டெலிகேட்' என்று திருத்தியிருந்தார். மற்றொருவர் பென்சிலால் 'ஹேண்ட் ஓவர்' என்று ஓரத்தில் குறித்திருந்தார். "மூன்றும் ஒன்றுதானே, இதற்கு ஏன் இத்தனை யோசனை?" என்றார் நம் பொருளாளர். ஒன்றல்ல. அதை நான் அகராதியில் படித்துக் கற்கவில்லை, அடிபட்டுக் கற்றேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன், இம்மலையிலுள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்தேன். பெயர் வேண்டாம். என் தந்தையார் அதே தோட்டத்தில் கூலியாக உழைத்தவர். அவர் மகன் நாற்காலியில் அமர்ந்து செக்ரோல் எழுதுவதைப் பொறாதவர் சிலர் அங்கிருந்தனர். ஒரு பருவத்தில் கிடங்கு மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலை எனக்கு 'அசைன்' செய்யப்படுவதாகக் கடிதம் வந்தது. எண்ணினேன், குறித்தேன். கிடங்குச் சாவி மட்டும் என் கைக்கு ஒரு நாளும் வரவில்லை. அது தலைமைக் கணக்கரின் இடுப்பிலேயே தொங்கியது. பருவ முடிவில் மூட்டைகள் குறைந்தன. நம்பிக்கை மோசடி செய்துவிட்டேன் என்று என்மீது புகார் எழுதப்பட்டது.

சேலத்தில் ஒரு வக்கீலிடம் ஓடினேன். அவர் என் கண்ணீரைப் பார்க்கவில்லை, கடிதத்தைத்தான் பார்த்தார். "இதில் என்ன வினைச்சொல் இருக்கிறது?" என்று கேட்டார். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் நம்பிக்கை மோசடியைக் கூறிய 405ஆம் பிரிவு 'என்ட்ரஸ்ட்' என்னும் சொல்லின்மீது நின்றது. பொருள் ஒருவனிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது அதன்மீது அவனுக்கு ஆளுகை தரப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகே மோசடி என்ற பேச்சு எழும். (2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அக்குற்றம் 316ஆம் பிரிவாயிற்று, அச்சொல்லின் தேவை மாறவில்லை.) "உன்னிடம் வேலையைக் குறித்துத் தந்திருக்கிறார்கள்; பொருளை ஒப்படைக்கவில்லை. சாவி எங்கே என்று கேட்போம்" என்றார் வக்கீல். புகார் நிற்கவில்லை. வேலை போயிற்று என்பது வேறு கதை.

அன்று முதல் இச்சொற்களை எடை போடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. 'அசைன்' என்பது குறித்துத் தருவது. இன்னார் இன்ன வேலை செய்க என்று மேலிருப்பவர் பங்கிடுகிறார். மாணவனுக்கு ஆசிரியர் வீட்டுப்பாடம் தருவது 'அசைன்'தான். அதில் நம்பிக்கையும் வேண்டாம், அதிகாரமும் வேண்டாம். 'டெப்யூட்' என்பது ஆளை அனுப்புவது. வேலையை அன்று, ஆளைத்தான் 'டெப்யூட்' செய்ய வேண்டும். நம் பிள்ளைகள் பலர் விண்ணப்பங்களில் இங்கே தடுமாறுகின்றனர். 'டெலிகேட்' செய்வது அதற்கு மறுதலை: வேலையை ஒருவருக்கு டெலிகேட் செய்யலாம், ஒருவரை வேலைக்கு டெலிகேட் செய்வதாக இன்றைய வழக்கில் எழுதுவது அரிது. 'என்ட்ரஸ்ட்' இருபுறமும் வளையும். பொருளை ஒருவரிடம் ஒப்படைத்தோம் என்றும் எழுதலாம்; ஒருவரைப் பொருளுக்கு உரியவராக நம்பினோம் என்றும் எழுதலாம். முதலதற்கு 'டு', இரண்டாவதற்கு 'வித்'. 'ரெலிகேட்' என்பதை 'டெலிகேட்' என்று எண்ணி எழுதிவிடாதீர்கள். அது கீழே தள்ளுவது. அத்தொழிலை நம்மீது பிறர் போதுமான அளவு செய்துவிட்டனர்.

'டெலிகேட்' என்ற சொல்லில் நம் சமுதாயத்தின் வரலாறும் கொஞ்சம் கிடக்கிறது. 1930இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டிற்கு அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் டெலிகேட்டுகளாகச் சென்றனர். டெலிகேட் என்றால் ஒருவரால் அனுப்பப்பட்டவர். அவர்களை அழைத்தது அரசாங்கம். வாக்களித்து அனுப்பும் வாய்ப்பு நம் மக்களுக்கு இல்லை. அவ்வாறு சென்ற இருவரும் அங்கே கேட்டது, நம் பிரதிநிதிகளை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை! அனுப்பியவர் யார் என்பதை மாற்றக் கேட்டனர்.

டெலிகேட் செய்தவர் கையில் அதிகாரம் மீந்திருக்கும். கொடுத்ததை அவர் திரும்ப எடுக்கலாம். கெட்டுப் போனால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பெற்றவர் அதை வேறொருவருக்கு மறுபடி டெலிகேட் செய்யக் கூடாதென்று இலத்தீனில் ஒரு பழைய சட்டவாக்கு உண்டு. ஆகவே மூத்தவர் 'டெலிகேட்' என்று திருத்தியதில் ஒரு கருத்து இருக்கிறது: சாவி என்னிடமே இருக்கும், விளக்கை மட்டும் நீ ஏற்று. அவர் மனம் எனக்குப் புரியாமல் இல்லை. ஓலைக் கொட்டகையிலிருந்து கட்டி எழுப்பியவர்.

இனி அரசியல் சட்டத்திற்கு வருகிறேன். 1992இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம், ஊராட்சிகளைப் பற்றிய 243ஜி என்னும் பிரிவைத் தந்தது. அதில் 'டெலிகேட்' இல்லை. 'என்டௌ' என்ற சொல் இருக்கிறது: உடைமையாக அளிப்பது. 'டிவல்யூஷன்' இருக்கிறது. திட்டங்களை நிறைவேற்றும் இடத்தில் 'என்ட்ரஸ்ட்' இருக்கிறது. சொற்களோ உயர்ந்த சொற்கள். ஆனால் சட்டமன்றம் அளிக்க 'வேண்டும்' என்று இல்லை. அளிக்க 'லாம்' என்றே இருக்கிறது. 'டிவால்வ்' என்பதன் இலத்தீன் வேர்ப்பொருள் உருண்டு கீழிறங்குவது. அடிவாரத்திலிருந்து இந்த ஊருக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். கோட்டையில் உருட்டிவிட்ட அதிகாரம் நாகலூருக்கும் வெள்ளக்கடைக்கும் வந்து சேருவதற்குள் எத்தனை வளைவுகளில் தங்கிவிடுகிறது என்பதை ஊராட்சித் தலைவர்களாக இருந்த நம் அண்ணன்மாரைக் கேளுங்கள்.

தங்குவது மட்டுமா? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996இல் தலைவர் பதவி நமக்கென ஒதுக்கப்பட்டது. வேட்புமனு இல்லை, அல்லது வென்றவர் உடனே பதவி விலகினார். 2006 வரை பத்தாண்டுக் காலம் நாற்காலி வெறிதாகவே கிடந்தது. மேலவளவில் துணிந்து தலைவராகிய முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். நாற்காலி 'அசைன்' ஆயிற்று. அதில் அமரும் அதிகாரத்தை ஊர் ஒப்படைக்கவில்லை. பிற ஊர்களிலும், நாம் தலைவராய்க் கையொப்பமிட, முத்திரை வேறொருவர் வீட்டில் இருப்பதைக் கண்டிருக்கிறேன். கிடங்கின் சாவி நினைவுக்கு வரும்.

தமிழில் இதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. ஒப்படைப்பு ஒன்று, தலையில் கட்டுவது இன்னொன்று. வேலையும் பழியும் உனக்கு, பணமும் சாவியும் எனக்கு என்றால் அது தலையில் கட்டுவது. அதற்கு எந்த ஆங்கிலச் சொல்லைப் போர்த்தினாலும் அது அதுதான்.

எனவே தீர்மானத்தில் நான் 'என்ட்ரஸ்ட்' என்று எழுதியிருக்கிறேன். 'ஹேண்ட் ஓவர்' என்பதையும் விடவில்லை. அரசு அலுவலகத்தில் இடமாறுபவர் சார்ஜ் லிஸ்ட் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பாரே, அந்தப் பொருளில், மேசை நாற்காலி புத்தகங்களுக்கு மட்டும் இட்டேன். பொருள்கள் கைமாறும், பொறுப்பு நம்பிக்கையால் மாறும். இந்தச் சொல் இருபுறமும் வெட்டும் என்பதையும் மறைக்கமாட்டேன். 'என்ட்ரஸ்ட்' என்று பெற்றவரிடம் கணக்குக் கேட்க முடியும். 405ஆம் பிரிவு எனக்குத் துணை நின்ற அதே சொல் நாளை உங்களைக் கேள்வி கேட்கும். தம்பிமார்களே, தங்கையரே, வேண்டாம் என்றால் இன்றே சொல்லிவிடுங்கள். 'அசைன்' என்று மாற்றித் தருகிறேன். அப்போது காசோலைக் கையொப்பம் மூத்தோரிடமே இருக்கும்.

மூத்தோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். 'டெலிகேட்' என்பதை மறுபடி நுழைக்க வேண்டுமானால் இப்பொழுதே எழுந்து கூறுங்கள், வாக்கெடுப்புக்கு விடலாம். தீர்மானம் நிறைவேறிய பிறகு, நூலகத்தில் எந்தப் புத்தகம் வாங்குவது என்று ஒவ்வொரு வாரமும் பிள்ளைகளை அழைத்துக் கேட்பது முறையன்று. ஆண்டுக்கு ஒரு முறை கணக்கைப் பார்ப்போம். அது நம் உரிமை. தீர்மானத்தின் மூன்றாம் பத்தியில் இருக்கிறது.

படி மேசைமேல் வைக்கப்பட்டுள்ளது. சாவிகளின் பட்டியல் அதன் பின்பக்கத்தில் உண்டு. இரும்புப் பெட்டியின் இரண்டாவது சாவி மட்டும் என்னிடம் இருக்கிறது; வாக்கெடுப்பு முடிந்ததும் கையொப்பமிட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.